இந்த லைனுக்குக் கீழே எழுதக் கூடாது

பெல்மதுளை டவுனில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை என் மண்டைக்குள் ஏறியது. அது ஏறாமலிருந்தால் எங்கள் தோட்டத்துக்குப் பதினொரு மாதம் முன்னாலேயே குழாய்த் தண்ணீர் வந்திருக்கும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (நான் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.)

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல், இருக்கிற இடத்தில் இருக்க முடியாமல் திரிந்த காலம். கூட என் சிநேகிதி ராதா. தோட்டத்து வீட்டு வரிசைகளில் அவள் மூன்றாம் லயம், நான் ஐந்தாம் லயம்.

"லைன் கெடைக்கல வினோ" என்றாள் ராதா, போனைக் காதிலிருந்து எடுத்து.

"லைன்ல நில்லுங்க, லைன்ல நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு பஸ்ஸிலிருந்து குதித்தார் கொண்டக்டர். இந்த லைனில் இனி மூன்று மணிக்குத்தான் அடுத்த பஸ் என்று பின்னால் ஒரு ஐயா சிங்களத்தில் புலம்பினார். எதிரே கடையில் லைட் அணைந்தது. "லைன் போயிட்டுது" என்றார் முதலாளி. முச்சக்கரவண்டியில் சாய்ந்து நின்ற ஒருவன் ராதாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பொடியன் ஒனக்கு லைன் போடுறான்டி" என்றேன். இத்தனைக்கும் நடுவில் மரக்கறிப் பையோடு வந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ எந்த லயத்துப் பிள்ள?" என்று கேட்டார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். கால் மணி நேரத்தில் ஒரே சொல் ஆறு வேடம் போட்டு வந்திருந்தது! நாங்கள் பிறந்து வளர்ந்து படுத்து எழும்புகிற லயமே அந்த லைன்தான். வெள்ளைக்காரன் வரிசையாக வீடு கட்டி லைன் என்றான்; நாங்கள் அதை லயமாக்கிக் குடியேறிவிட்டோம். அப்படியென்றால், உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத உரிமை அந்தச் சொல்லின் மேல் எனக்கு உண்டு. நான் அதற்குள்ளேயே வசிக்கிறேன்!

"ராதா, இந்த ஒரு சொல்லுக்கு எத்தன அர்த்தம் இருக்குன்னு முழுசா எழுதப் போறேன்."

"மொதல்ல பஸ்ல ஏறு" என்றாள் ராதா.

வீட்டுக்கு வந்ததும் நூற்றிருபது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு முதல் பரிசாகக் கிடைத்த அகராதி ஒன்று இருந்தது. தலையணைக்குப் பதிலாக வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிப்பு. அதில் 'லைன்' என்ற சொல் மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடியது. எனக்குப் புல்லரித்தது. கவிதையின் வரி, நடிகர் பேசும் வசனம், தூண்டில் நூல், துணி காயப்போடும் கொடி, ரம்புக்கனைப் பக்கம் ரயில் ஓடும் மெயின் லைன், யுத்த முனை, வம்சம், தொழில், கைரேகை, முகச்சுருக்கம், சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் துணி... ஒன்றுவிடாமல் எழுதினேன்.

(ஒன்றே ஒன்றை விட்டேன். முதலாவதாக இருந்த அர்த்தத்தை. அது ரொம்ப லேசு, முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்தது, அதை எழுதிக் கொப்பியை வீணாக்க வேண்டாம் என்று நினைத்தேன். பின்னால் வரும்.)

வீட்டில் இருந்தவர்கள்தான் பாவம். கொழுந்து பறித்துவிட்டுக் களைத்து வந்த அம்மாவின் முகத்தருகே அகராதியோடு போய், "அம்மா, ஒங்க நெத்தியில மூணு லைன் இருக்கு" என்றேன்.

"லைன்ல பொறந்து லைன்ல வாழ்ந்தவ நெத்தியில லைன் இல்லாம, பங்களாவா இருக்கும்?" என்றார் அம்மா. "போயி அடுப்பப் பாரு."

அப்பா றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். விடியற்காலையில் போய் மத்தியானம் வருவார். அவரிடம், "அப்பா, ஒங்க லைன் என்ன?" என்று ஆங்கில முறையில் தொழிலை விசாரித்தேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அஞ்சாம் நம்பர்தான்மா. வெயில்ல எங்கயும் போனியா?" என்றார்.

மூன்று வாரத்தில் கொப்பியில் நாற்பத்துமூன்று அர்த்தங்கள் சேர்ந்துவிட்டன. லைன் விஷயத்தில் இந்தச் சபரகமுவ மாகாணத்தில் என்னை அசைக்க ஆளில்லை என்ற முடிவுக்கு வந்தேன். அந்த முடிவுக்கு வந்த அதே வாரத்தில்தான் படிவம் வந்தது.

எங்கள் தோட்டத்தின் அமைப்பைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். ஒரே மலைச்சரிவில் படிப்படியாக ஐந்து லயங்கள். அடியில் ஒன்றாம் லயம், உச்சியில் எங்கள் ஐந்தாம் லயம். எல்லாருக்கும் தண்ணீர் அடிவாரத்துப் பீலியில்தான். பாறையிடுக்கில் வரும் ஊற்றுக்கு ஒரு தகரத்தைச் செருகி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் பீலி. மழைக்காலத்தில் கொட்டும். வெயில் தொடங்கினால் சிறுவிரல் தடிப்பில் வடியும். குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எங்கள் லயத்துக்கு அங்கிருந்து நூற்று அறுபத்திரண்டு படி. இடுப்பில் குடத்தோடு எண்ணிய கணக்கு, தப்பாது.

இரத்தினபுரியில் ஒரு தண்ணீர்த் திட்டத்துக்குத் தோட்டங்களைத் தெரிவுசெய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எங்கள் சங்கத் தலைவர் ஒரு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தார். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். ஆங்கிலப் படிவத்தில்தான் ஒரு போட்டோ கொப்பி. அதுவும் கொப்பிக்குக் கொப்பி எடுத்த கொப்பி. எழுத்துகள் எறும்பு செத்துக் கிடந்த மாதிரி இருந்தன.

"ஒபிஸ் கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்குக் கலியாண வீட்டுக்குப் போயிட்டாரு. வர ரெண்டு கெழம ஆகும்" என்றார் தலைவர். "நாள மறுநாள் அனுப்பியாகணும். யாருகிட்டயாச்சும் சிங்களத்துல கேட்டு..."

"தலைவரே, நான் இருக்கேன்!" என்றேன்.

அந்தக் குரல் எவ்வளவு பலமாக வந்ததென்றால், பக்கத்துக் காம்பரா வீட்டில் தூங்கிய குழந்தை எழுந்து அழுதது.

இஸ்தோப்பில், எங்கள் வாசல் திண்ணையில், பாய் விரித்து உட்கார்ந்தேன். தலைவர் எதிரே. நான் பேனாவைத் திறந்த விதத்தைப் பார்த்தால் ஏதோ இரண்டு நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் எழுதப் போகிறேன் என்று நினைப்பீர்கள். தோட்டத்தின் பெயர் எழுதினேன். டிவிஷன் எழுதினேன். அடுத்து, 'லைன் இலக்கம்' என்று ஒரு சின்னக் கட்டம். ஒரேயொரு எண்தான் கொள்ளும்.

"ஒரு லயத்தோட நம்பர்தான் கேக்குறாங்க தலைவரே."

"ஒண்ணா? அஞ்சு லயம் இருக்கே?"

"ரொம்பத் தூரத்துல உள்ளதப் போடுவோம். அஞ்சுன்னு போட்டுடுறேன்." (நான் வசிக்கும் லயம் அது என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை என்று சத்தியம் பண்ணுகிறேன். யாரும் இதுவரை நம்பியதில்லை.)

அடுத்த கேள்வி: 'உங்கள் தேவையை ஒரு லைனில் விபரிக்கவும்.' பார்த்தீர்களா! ஒரு லைனில் உள்ள தேவை. நான் சொன்னது சரியென்று படிவமே சாட்சி சொல்லிவிட்டது. ஐந்தாம் லயத்துப் பன்னிரண்டு காம்பரா, படிகள், குடங்கள், கர்ப்பிணிப் பெண்கள் என்று எறும்பெழுத்தில் நெருக்கி, இடம் போதாமல் ஓரத்திலும் ஏறி, எட்டு வரி எழுதினேன்.

அதற்கும் கீழே, பக்கத்தின் அடியில், வெற்றிடத்தில் தன்னந்தனியாக ஒரு வாக்கியம் நின்றது. 'இந்த லைனுக்குக் கீழே எதையும் எழுத வேண்டாம்.'

நான் இரண்டு தடவை வாசித்தேன். இந்த லைன் என்றால் எந்த லைன்? மேலே கட்டத்தில் எழுதியிருக்கிறேனே, அஞ்சு! அதற்குக் கீழே என்றால்? மலையில் எங்களுக்குக் கீழே நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. நாற்பத்துமூன்று அர்த்தத்தையும் மனதுக்குள் வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தேன். வேறு எதுவும் பொருந்தவில்லை. தூண்டில் நூலுக்குக் கீழே எழுத முடியுமா? வம்சத்துக்குக் கீழே?

"தலைவரே, இந்த லயத்துக்குக் கீழ உள்ளவங்களப் பத்தி எதுவும் எழுதக் கூடாதாம்."

"அப்படியா போட்டிருக்கு?"

"தெளிவாப் போட்டிருக்கு."

தலைவர் தலையைச் சொறிந்தார். "என்னா பிள்ள அநியாயம் இது? தண்ணி எல்லாருக்கும்தானே?"

"சட்டம் தலைவரே. ஏதாச்சும் காரணம் இருக்கும்" என்றேன். அந்தச் 'சட்டம்' என்ற சொல்லைச் சொல்லும்போது எனக்கு இருந்த இன்பம் இருக்கிறதே! அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் தபாலில் போனது.

அதற்கு மறுநாள் காலை, குடத்தோடு பீலிக்குப் போனேன். தலைவர் சொன்ன சங்கதி எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. முதலில் திரும்பியவர் லெட்சுமி அக்கா, ராதாவின் அம்மா. மூன்றாம் லயத்தில் அவர் தும்மினால் ஐந்தாம் லயத்தில் கேட்கும்.

"வாங்கம்மா வாங்க, அஞ்சாம் லயத்து மகாராணி! ஒங்களுக்குத்தான் வாசல்லயே கொழா வருதே, எங்ககூட எதுக்கு லைன்ல நிக்கிறீங்க?"

"அக்கா, நானா எழுதல. போர்ம்ல அப்படித்தான் இருந்துச்சு."

"போர்ம் என்ன ஒங்க மாமனா? ஒங்க லயத்த மட்டும் அதுக்குக் கண்ணு தெரிஞ்சுச்சா?"

"கீழ உள்ள லயத்தப் பத்தி எழுதக் கூடாதுன்னு..."

"ஏன்டி, கீழ இருக்கிறவங்களுக்குத் தொண்டையே இல்லயா? நாங்க என்ன கத்தாழையா, பனியக் குடிச்சுக்கிட்டு இருக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ராதா சிரிக்கவில்லை. தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்காமலே படியேறினாள். எனக்கு அதுதான் சுட்டது.

என்னை ஏசியதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அம்மா வேலை செய்கிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கீழ் லயத்துக்காரர்கள். அவர்கள் அம்மாவை ஏசவில்லை. பேசவும் இல்லை. தேத்தண்ணிப் போத்தலைக் கைமாற்றிக் குடிக்கும்போது அது அம்மாவைத் தாண்டிப் போனது. அன்று பின்னேரம் அம்மா வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்குக் கொழுந்து மூட்டைய நானே தூக்கித் தலையில வச்சுக்கிட்டேன்" என்றார். பதினேழு வருஷமாக அந்த மூட்டைக்கு மறுகை கொடுத்தவர் லெட்சுமி அக்கா.

அகராதியை எடுத்துத் தகரப் பெட்டிக்குள் போட்டேன். மறுநாள் மறுபடி வெளியே எடுத்தேன். என்னை என்ன செய்வது!

மூன்றாம் வாரம் தலைவருக்குப் போன் வந்தது. தண்ணீர்த் திட்டத்து மெடம் இடத்தைப் பார்க்க வியாழக்கிழமை வருகிறாராம். சங்கதி பத்து நிமிடத்தில் மலை முழுக்கப் பரவியது. நான்கு லயமும் கூடிப் பேசி, மெடத்தை வழியில் மறித்து நியாயம் கேட்பது என்று முடிவெடுத்தன. நியாயம் கேட்கப் பதாகை வேண்டும். பதாகை ஆங்கிலத்தில் இருந்தால்தான் மதிப்பு. ஆங்கிலம் தெரிந்தவர்?

தலைவர் நான்கு பிஸ்கட் பெட்டி அட்டைகளோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பிள்ள, ஒரு ஒதவி."

"எனக்கு எதிரா நானே எழுதணுமா தலைவரே?"

"ஒனக்கு எதிரா இல்ல பிள்ள. அந்த லைன் சட்டத்துக்கு எதிரா. நீ செஞ்ச வேல, நீதான் சரிக்கட்டணும்."

அந்த வார்த்தை என்னைத் தூக்கி நிறுத்தியது. ஆம், சரிக்கட்டலாம்! அநியாயச் சட்டத்தை அதன் சொல்லாலேயே அடிக்கலாம்! இரவல் வாங்கிய மார்க்கர் பேனாவால் எழுதினேன். 'வீ ஆர் பிலோ த லைன்! வீ ஆல்சோ தர்ஸ்டி!' இரண்டாவது அட்டையில், 'ஒன் லைன் நோ! ஃபைவ் லைன்ஸ் யெஸ்!' (பன்மைக்கு மறக்காமல் 'ஸ்' போட்டதில் எனக்கு அப்போதும் பெருமை.) மூன்றாவதில், 'டோன்ட் டிவைட் லைன் ஃப்ரொம் லைன்!' நான்காவது அட்டையில் மார்க்கர் தீர்ந்துவிட்டது. அதை வெறுமையாகவே ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வெள்ளை வேன் வந்தது. அன்றைய வேலையை விட்டுவிட்டுக் கீழே பாதையில் ஐம்பது பேர், எங்கள் லயத்துக்காரர்களும் அப்பாவும் அம்மாவும் சேர்த்து. வேனிலிருந்து றப்பர் பூட்ஸ் போட்ட இளம் சிங்கள மெடம் ஒருவர் இறங்கினார். கலியாண வீடு முடித்துத் திரும்பியிருந்த கிளாக்கர் ஐயாவும் ஒபிசிலிருந்து கூடவே வந்திருந்தார். இங்கே பல வருஷம் இருந்தும் யாழ்ப்பாணப் பேச்சு ஒரு துளியும் கலங்காத மனுஷன்.

மெடம் முதல் பதாகையை வாசித்தார். இரண்டாவதை வாசித்தார். திரும்பி முதலாவதையே மறுபடி வாசித்தார். வெறும் அட்டையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் சிங்களம் தெரியாதவர் யாருமில்லை. கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் சிங்களத்தில்தான். யாராவது முன்னால் போய்ச் சிங்களத்தில் இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்திருக்கும். ஆனால் நான் முந்திவிட்டேன்! கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தேன். மனப்பாடம் செய்து வைத்த பேச்சு. அதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

"மெடம், எங்கள் லைனுக்குக் கீழே நான்கு லைன்கள் இருக்கின்றன. எல்லா லைனும் ஒரே பீலியில் லைனில் நிற்கின்றன. நீங்கள் போட்ட லைன் எங்கள் லைன்களுக்கு நடுவில் லைன் போட்டுவிட்டது. தயவுசெய்து உங்கள் லைனை எடுத்துவிட்டு, எல்லா லைனுக்கும் லைன் தாருங்கள்."

மெடத்தின் வாய் சிறிதாகத் திறந்தது. கிளாக்கர் ஐயாவைப் பார்த்தார். கிளாக்கர் ஐயா வானத்தைப் பார்த்தார்.

"எந்த லைன்?" என்றார் மெடம், கடைசியில்.

நான் படிவத்தின் வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன். இந்த லைனுக்குக் கீழே எதையும் எழுத வேண்டாம்.

மெடம் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். பேச்சு அவ்வளவு உருக்கமாகவா இருந்தது? மூச்சைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து அவர் சிங்களத்தில் சொன்னார்: "ஏக்கே கியன்னே, மே இரட்ட யட்டின் லியன்ன எபா கியலா."

சிங்களத்தில் 'இர' என்றால் சூரியன். அதே 'இர'வுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஆனால் அப்பா சிங்களத்தைக் கடையிலும் பஸ்ஸிலும் பிடித்தவர், கொப்பியில் எழுதிப் படித்தவரல்ல. அவர் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"வெயிலுக்குக் கீழ உக்காந்து எழுதக் கூடாதாமா? எம்மக இஸ்தோப்புல, நெழல்ல உக்காந்துதானே எழுதுச்சு!" என்றார், என்னைக் காப்பாற்றும் வேகத்தில்.

இனிமேலும் பொறுக்க முடியாமல் கிளாக்கர் ஐயா முன்னால் வந்தார். மெடத்தின் கோப்பிலிருந்து அச்சடித்த அசல் படிவம் ஒன்றை உருவி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பிள்ளை, இதைப் பாரும். இது என்ன?"

அந்த வாக்கியத்துக்கு நேர் கீழே, பக்கத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கறுப்பாக, தடிப்பாக, நேராக ஓடியது. எங்கள் போட்டோ கொப்பியில் தேய்ந்து காணாமல் போனது.

"கோடு" என்றேன்.

"ஓம், கோடு. வெறும் கோடு! லயமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. கோட்டுக்குக் கீழை கந்தோர் ஆக்கள், அதிகாரியள், எழுதுறதுக்கு விட்ட இடம். எனக்கு ஒருக்கா ரெலிபோன் எடுத்துக் கேட்டிருக்கலாமெல்லே?"

அகராதியில் முதலாவதாக இருந்த அர்த்தம்; சிங்களத்து 'இர'வுக்கு உள்ள மற்ற அர்த்தமும் அதுதான். கொப்பியை வீணாக்க வேண்டாம் என்று நான் விட்டுவிட்ட அந்த ஒன்று.

தரை பிளந்து என்னை விழுங்கும் என்று காத்திருந்தேன். அது என் வசதிக்குப் பிளக்கவில்லை. அப்போது லெட்சுமி அக்காதான் தொடங்கினார். முதலில் ஒரு செருமல். பிறகு தான் பிடித்திருந்த 'வீ ஆர் பிலோ த லைன்' அட்டையை முகத்தில் மூடிக்கொண்டு, பாதையோரக் கல்லில் உட்கார்ந்தே விட்டார்.

"அடியே... ஒரு கோட்டுக்காடி... ஒரு கோட்டுக்காடி மூணு வாரமா ஒங்கம்மாகூடப் பேசாம இருந்தேன்!"

கூட்டம் வெடித்தது. வெறும் அட்டை பிடித்தவர் சிரித்துச் சிரித்து இருமினார். மெடமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு ஓய்ந்ததும் மெடம் சிங்களத்தில் சொன்ன செய்தியில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இந்தத் தடவைக்கான தெரிவு முடிந்துவிட்டது. பட்டியலில் எங்கள் தோட்டம் இருக்கிறது, ஆனால் விண்ணப்பத்தில் இருப்பது ஐந்தாம் லயம் மட்டும். இப்போதே வேண்டுமென்றால் அந்த ஒரு லயத்துக்குக் குழாய் போடலாம். ஐந்துக்கும் வேண்டுமென்றால் இதை ரத்துச் செய்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த தடவை எப்போது என்று அவரால் சொல்ல முடியாது. ஐந்தாம் லயத்துக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

எங்கள் லயத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நூற்று அறுபத்திரண்டு படி. சும்மா சொல்லக் கூடாது, எனக்கே ஆசை வந்தது.

அம்மா பின்வரிசையில் நின்றவர். முன்னால் வந்தார். மூன்று வாரமாக வெளியில் வாயே திறக்காத அம்மா.

"எழுதுனா அஞ்சுக்கும் எழுதுங்க மெடம்" என்றார் சிங்களத்தில். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில், "வாசல்ல கொழாய வச்சுக்கிட்டு, கீழ இருந்து இவளுங்க கொடத்தோட ஏறி வாரதப் பாத்துக்கிட்டு, எனக்குத் தொண்டையில எறங்குமா? ஒங்களுக்கு எறங்குமா?" என்றார்.

யாரும் இறங்கும் என்று சொல்லவில்லை.

மெடம் வேனிலிருந்து புதுப் படிவம் கொடுத்தார், தமிழிலேயே. வேனின் முன்பக்கத்தில் வைத்து, கிளாக்கர் ஐயா ஒரு தோளருகே, தலைவர் மறுதோளருகே, என் தலைக்கு மேலே லெட்சுமி அக்கா பதாகையை நிழலுக்குப் பிடிக்க ("வெயிலுக்குக் கீழ எழுதக் கூடாதாம்டி!"), ஐந்து லயத்தையும் எழுதினேன். பக்கத்தின் அடியில் அந்தக் கோடு வந்தபோது ஐம்பது பேரும் சேர்ந்து, "நிப்பாட்டு!" என்று கத்தினார்கள்.

அடுத்த நாள் அம்மாவின் மூட்டையை லெட்சுமி அக்கா தூக்கிவிட்டார். ராதா பேசினாள், முதல் வார்த்தையே "என்னடி கோடு?" என்பதுதான்.

தண்ணீர் வரப் பதினொரு மாதம் பிடித்தது. பீலியிலிருந்து மோட்டரில் ஏற்றி, உச்சியில், எங்கள் லயத்துக்கு மேலே தொட்டி கட்டினார்கள். அங்கிருந்து ஐந்து லயத்துக்கும் குழாய் இறங்குகிறது. அந்தப் பதினொரு மாதமும் குடத்தோடு படியேறிய ஒவ்வொருவரும் என்னைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, ஒரு முறை சிரித்துவிட்டுத்தான் போனார்கள். நான் பதிலுக்கு ஓடிப்போய்க் குடத்தை வாங்கிக்கொள்வேன். அந்த வருஷம் என் இடுப்பு ஐந்து லயத்துக்கும் தண்ணீர் சுமந்தது.

இது நடந்து நான்கு வருஷமாகிறது. நான் இப்போது வீட்டிலிருந்தே வெளிவாரியாகப் பட்டம் படிக்கிறேன், டவுனில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். (கோடு போடத்தான் முதலில் பழக்குவோம். விதி!) மூன்றாம் லயத்துக் குழாயடிச் சீமெந்து காய்வதற்குள் ராதா குச்சியால் ஒரு கோடு கிழித்து, 'இதற்குக் கீழே வினோ எழுதக் கூடாது' என்று பொறித்துவிட்டாள். அது இன்னும் இருக்கிறது. வீட்டில் நான் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டால் அம்மா தட்டில் விரலால் ஒரு கோடு இழுத்து, "இந்த லைனுக்குக் கீழ சாப்புடாத" என்பார். போன மாதம் தலைவரின் மகள் கலியாணத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னை அறிமுகம் செய்ததும் அந்தக் கோட்டை வைத்துத்தான். அவர்கள் வரக்காப்பொலக்காரர்கள். ஆக, கேகாலை மாவட்டத்துக்கும் என் புகழ் போய்விட்டது.

ஆனால் ஒரு விஷயம்! தோட்டத்தில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் இப்போது நேராக என்னிடம்தான் வருகிறார்கள். எவ்வளவு பெரிய பிழை விட முடியுமோ அதை ஏற்கெனவே விட்டுவிட்டவள், இனிப் பயமில்லை என்பது லெட்சுமி அக்காவின் கணக்கு. நேற்றுப் பின்னேரம் தலைவர் பாதை திருத்துவதற்கான படிவத்தோடு வந்தார். மறுபடி ஆங்கிலம். ஆனால் அசல் தாள், கோடெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது! வாசல் நிறைய ஆள் கூடிவிட்டது. முதல் அறிவுறுத்தலைச் சத்தமாக வாசித்தேன்: 'ப்ளொக் எழுத்துகளில் நிரப்பவும்.'

பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். அவருக்கு ப்ளொக் என்றால் தான் பால் வெட்டுகிற றப்பர் மலைத் துண்டு.

"ப்ளொக்ல வச்சா எழுதணும்? எம் ப்ளொக் பன்னெண்டு. அங்க அட்டை கடிக்கும்மா."

"அப்பா, பெரிய எழுத்துல, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம எழுதணும்னு அர்த்தம்."

"நெசமாவா?"

"நெசமா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு தலைவரைப் பார்த்தார்கள்.

"எதுக்கும்" என்றார் லெட்சுமி அக்கா மெதுவாக, "கிளாக்கர் ஐயாவுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுடுவோம்."

கேட்டோம். "ஓம் பிள்ளை, இந்த முறை சரி" என்றார். அந்த 'இந்த முறை' கொஞ்சம் வலித்தது, பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கோயில் வாசலில், ஐந்து லயமும் சுற்றி உட்கார்ந்திருக்க, அந்தப் படிவத்தை நிரப்பப் போகிறேன். ஒவ்வொரு கேள்வியையும் முதலில் தமிழில் சொல்வேன். ஐந்து லயமும் விளங்கிற்று என்று சொன்ன பிறகுதான் பேனா தாளைத் தொடும். பன்னிரண்டு கேள்வி இருக்கிறது. அம்மா இப்போதே மத்தியானச் சோற்றை அங்கேயே கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார்.